கேரள லாட்டரியில் பெரிய பரிசு விழுந்தால் பணத்தைக் கைக்குக் கொண்டுவருவது எப்படி? வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

காட்பாடி வழியாகக் கேரளத்துக்குப் போகும் ரயில்களில் நம் பக்கத்து ஆட்கள் இல்லாத நாள் கிடையாது. கட்டட வேலை, தோல் வியாபாரம், சபரிமலை, குருவாயூர் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். திரும்பும்போது பாலக்காட்டிலோ எர்ணாகுளத்திலோ ஒரு லாட்டரிச் சீட்டும் சட்டைப் பைக்குள் ஏறிவிடுகிறது. சீட்டு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ரயிலில் நல்ல பிரியாணி சாப்பிடலாம். ஆனால் வாங்கிவிட்டீர்கள், பரிசும் விழுந்துவிட்டது என்றால், அடுத்த முப்பது நாட்களில் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி: சீட்டை எங்கே வாங்கினீர்கள்?

தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. பிற மாநிலச் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் விற்கக் கூடாது என்று தடுக்கும் அதிகாரத்தை, 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. ஆகவே கேரளச் சீட்டை கேரள எல்லைக்குள் வாங்கினால்தான் வழக்கு வம்பு இல்லை. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ யாரோ மறைவாக விற்ற சீட்டுக்குப் பரிசு விழுந்தால், சீட்டு அசலாகவே இருந்தாலும் சிக்கல்தான். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேருக்கு விழுந்தபோது, அந்தச் சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று ஒரு புகார் எழுந்தது. லாட்டரித் துறை அதை விசாரித்தது. கேரள எல்லைக்குள் இருக்கும் வாளையாறில் வாங்கியதாகப் பரிசு விழுந்தவர்கள் சொன்னார்கள். எங்கே வாங்கினோம் என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பது இதிலிருந்தே தெரியும்.

சந்து முனைகளில் ஓடும் மூன்று நம்பர் லாட்டரி வேறு சங்கதி. கேரள முடிவின் கடைசி எண்களை வைத்து ஆடும் சூதாட்டம் அது. துண்டுச் சீட்டைத் தவிர ஆதாரம் இருக்காது. நம்பர் எழுதியவர் பணம் தர மறுத்தால் எந்த அலுவலகத்திலும் போய் நிற்க முடியாது. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

படி 1: முடிவைச் சரிபாருங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பி ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிடாதீர்கள். கேரள அரசிதழில் வெளியாகும் முடிவுதான் செல்லும். சீட்டின் வரிசை எழுத்துகளையும் ஆறு இலக்க எண்ணையும் குலுக்கல் தேதியையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். எண் பொருந்தி வரிசை எழுத்து பொருந்தாவிட்டால் முதல் பரிசு இல்லை. பல நேரங்களில் ஆறுதல் பரிசு மட்டுமே கிடைக்கும்.

நீங்கள் சீட்டே வாங்காமல், "உங்களுக்குக் கேரள லாட்டரியில் 25 லட்சம் விழுந்திருக்கிறது, வரியை முன்பணமாகக் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே துண்டித்துவிடுங்கள். அரசு வரியைப் பரிசிலிருந்து பிடித்துக்கொள்ளும். உங்களிடம் முன்கூட்டி வாங்காது.

படி 2: சீட்டின் பின்புறத்தில் எழுதுங்கள்

இதை இன்றே, இப்போதே செய்யுங்கள். சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வெற்றியாளர். அதில் உங்கள் பெயர் அச்சாகியிருக்காது. பந்துமுனைப் பேனாவால் பெயர், முழு முகவரி, கையெழுத்து மூன்றையும் பின்புறம் அழுத்தாமல் எழுதுங்கள். மசிப்பேனா வேண்டாம், நம் ஊர் சித்திரை வெயிலில் கை வியர்வை பட்டால் எழுத்து இழுகிவிடும். முன்பக்கத்தில் இருக்கும் பார்கோடு மேல் ஒரு கோடும் விழக் கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போடாதீர்கள், பசை தடவாதீர்கள். காகித உறைக்குள் வைத்து, அதை ஒரு புத்தகத்துக்குள் வைத்தால் போதும். இரு பக்கமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பேச்சில் மூழ்காமல் கூடவே நில்லுங்கள்.

பலர் சேர்ந்து வாங்கிய சீட்டு என்றால், முத்திரைத் தாளில் கூட்டு ஒப்பந்தம் எழுதி ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள். நண்பர்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

படி 3: தொகையைப் பொறுத்து இடம் மாறும்

5,000 ரூபாய் வரை கேரளத்தில் லாட்டரிக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் 1 லட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகம். நமக்கு வழியில் வருவது பாலக்காடு. 1 லட்சத்தைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் விகாஸ் பவனில் இருக்கும் லாட்டரி இயக்குநரகம். சீட்டை வங்கி மூலமாகவும் அனுப்பலாம், ஆனால் அதற்கு வங்கி தரும் சான்றிதழ்கள் வேண்டும். நம் ஊர்க் கிளைகளில் இந்த வேலையைப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. கோடிக்கணக்கில் பரிசு என்றால் திருவனந்தபுரம் மெயிலில் காட்பாடியில் ஏறி நேரில் போய்விடுவதுதான் என் யோசனை. தனியாகப் போகாதீர்கள்.

குலுக்கல் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சீட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். உரிய காலத்தில் கேட்கப்படாத பரிசு, நடத்தும் அரசுக்கே சொந்தமாகிவிடும்.

படி 4: காகிதங்கள்

அசல் சீட்டு, இருபக்க நகல், விண்ணப்பம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, பான் அட்டை, பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள் இரண்டு, வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட ரசீதுப் படிவம், வங்கிக் கணக்கு விவரம். பெரிய பரிசு ரொக்கமாக வராது, கணக்குக்குத்தான் வரும். பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். "கோ. முருகன்" என்று ஒன்றிலும் "முருகன் கோவிந்தசாமி" என்று இன்னொன்றிலும் இருந்தால் அதைத் திருத்துவதிலேயே பாதி மாதம் போய்விடும்.

வெளிமாநிலத்தவர் தங்கள் ஆவணங்களை நோட்டரி வழக்கறிஞரிடம் சான்றொப்பம் பெற வேண்டும். பெயர், கையெழுத்து, முத்திரை மூன்றும் தெளிவாக விழ வேண்டும். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தின் பக்கம் போனால் நோட்டரிக்குப் பஞ்சமில்லை. கேரளத்துக்கு ஏன் போனீர்கள், சீட்டை எப்படி வாங்கினீர்கள் என்று ஒரு விளக்கக் கடிதமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டோ விடுதி ரசீதோ இருந்தால் அதனுடன் இணையுங்கள்.

இந்த நாட்களில் ஒருவர் தேடி வருவார். "பரிசைவிடக் கூடுதலாக ரொக்கம் தருகிறேன், சீட்டை மட்டும் கொடு" என்பார். கறுப்புப் பணத்தை வெளுப்பதற்காக வந்தவர் அவர். வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுங்கள்.

படி 5: 1 கோடியில் கைக்கு எவ்வளவு?

ஏமாற்றம் தொடங்கும் இடம் இதுதான், அதனால் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். முதலில் சீட்டை விற்ற ஏஜென்டின் கமிஷன் போகும். அந்த விகிதம் அவ்வப்போது மாறக்கூடியது. நெடுங்காலம் இருந்த 10 விழுக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 1 கோடியில் 10 லட்சம் கழிந்து 90 லட்சம். அதில் 30 விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்படும், அதாவது 27 லட்சம். உங்கள் கணக்குக்கு வருவது 63 லட்சம்.

வேலை முடிந்தது என்று நினைத்து வீடு கட்டக் கடைக்கால் போட்டுவிடாதீர்கள். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால், அந்த 27 லட்சம் வரியின் மீது 10 விழுக்காடு கூடுதல் வரி உண்டு: 2,70,000. இரண்டையும் கூட்டிய 29,70,000 மீது 4 விழுக்காடு செஸ் (கல்வி, சுகாதாரத்துக்கான மேல்வரி): 1,18,800. ஆக இன்னும் 3,88,800 ரூபாய் நீங்களே கட்ட வேண்டும். மிஞ்சுவது 59,11,200. காப்பீடு, சேமநிதி என்று எந்தக் கழிவையும் லாட்டரி வருமானத்தில் காட்ட முடியாது. வேறு வருமானமே இல்லாதவருக்கும் அடிப்படை விலக்கு வரம்பு இங்கே உதவாது.

படி 6: பணம் வந்த பிறகு

மீதி வரியை அடுத்த முன்கூட்டு வரித் தவணையிலேயே கட்டிவிடுங்கள். பிந்தினால் வட்டி ஏறும். பிடித்த 27 லட்சம் உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது, சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய முதலாம் எண் படிவம் (ITR-1) லாட்டரி வருமானத்துக்குச் செல்லாது. அதை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம். பரிசுச் சான்றையும் வரிப் பிடித்தச் சான்றையும் அவரிடம் கொடுக்கும்போது அசலை உங்களிடமே வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள்.