நிழலை அளந்து வெயில் காயுங்கள்

தார்சாவில் (வீட்டின் முன்கூடத்தில்) உட்கார்ந்து பகல் முழுக்கப் பீடி சுற்றுகிறவர்களுக்கும், பாளையங்கோட்டையில் கணினி முன்னால் வேலை பார்க்கிறவர்களுக்கும் வெயில் போதவில்லை. பனையேறுகிறவருக்கும் வயலில் நாற்று நடுகிறவருக்கும் அதே வெயில் மிஞ்சிப்போகிறது. எல்லோருக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. ஆனால் அளவுகோல் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது: அவரவர் நிழல்.

காலை 7 மணி இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கதிர்கள் சாய்வாக நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால், வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் பெரும்பாலும் ஓசோனிலேயே வடிந்துவிடும். இளவெயில் இரவுத் தூக்கத்தைச் சீராக்கும், அதற்காக நில்லுங்கள்.

சமதரையில் நிமிர்ந்து நின்று, நிழலின் தலை விழும் இடத்தில் பக்கத்தில் இருப்பவரை ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். அங்குவரை அடிமேல் அடி வைத்து எண்ணுங்கள். ஒருவரின் உயரம் அவர் பாதத்தால் ஏறக்குறைய ஆறரை அடி. நிழல் அதைவிட நீளமாக இருந்தால் கதிர் போதாது. ஆறு, ஐந்து அடியாக இருக்கும்போது வெயில் காயலாம். மூன்றடிக்குள் சுருங்கிவிட்டால் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

நெல்லையில் இந்த வேளை பங்குனியில் காலை ஒன்பதரை மணியை ஒட்டித் தொடங்கும். மார்கழியில் பத்து மணி தாண்டும். பிற்பகலிலும் அதே நிழல் திரும்ப வரும், ஆனால் அப்போது தரைச் சூடு கூடியிருக்கும் என்பதால் காலையே மேல். நம் ஊரில் உச்சிப்பொழுது சரியாக 12 மணிக்கு வருவதில்லை, ஏறக்குறைய 12.20. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்து நிழல் காலடியில் ஒடுங்கும்.

முகம் மட்டும் பட்டால் பரப்பு போதாது. துணி காயப்போடும் வேலையை இந்த வேளைக்கு மாற்றி, மொட்டை மாடியில் கைகளை முழங்கைக்கு மேலும் கால்களை முழங்கால் வரையும் திறந்துவிடுங்கள். முதல் வாரம் 10 நிமிடம், பிறகு 20, கருத்த தோலுக்கு 30. வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும். மேலும் நின்றால் பலன் கூடாது: தோலில் உருவான முன்பொருளை அதே ஒளி வேறு பொருளாக மாற்றிவிடும். கருத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுள்ளென்ற எரிச்சலோ இறுக்கமோ வந்தால் அளவு மீறிவிட்டது.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்காருவது வீண். கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்து, புற ஊதா ஏ கதிரை விட்டுவிடும். வைட்டமின் கிடைக்காது, மங்கு மட்டும் கூடும். இன்னொரு ஏமாற்றம் ஆனி, ஆடிக் காற்று. உடம்பு குளிர்ந்தே இருப்பதால் தோல் எரிவது தெரிவதில்லை. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை.

வெளியில் உழைக்கிறவர்கள் கனத்த வேலையைக் காலை பத்தரைக்குள் முடித்து, மூன்றரைக்குப் பிறகு தொடர்வது நல்லது. தலைப்பாகை காதையும் பிடரியையும் காக்காது. துண்டின் நுனியைப் பின்னால் தொங்கவிடுங்கள். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, மெல்லிய வெள்ளைத் துணியைவிடக் கதிரை நன்றாகத் தடுக்கும். அதிகமாக வியர்த்துச் சோர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் குடியுங்கள். வெயிலில் நின்றவர் உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

மாத்திரையிலும் கவனம் வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்றே எழுதித்தரப்படுகிறது. தெரியாமல் தினமும் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சீட்டில் 'வாரம்' என்று இருக்கிறதா என்று மருந்துக் கடையிலேயே ஒருமுறை வாசித்துக் கேளுங்கள்.