கேபினட் இருக்கட்டும், மேடைக்கல்லை மட்டும் மாற்றலாம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் கேபினட் உறுதியாக இருந்து மேடைக்கல் மட்டும் விரிசல் விட்டிருந்தால், எல்லாவற்றையும் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் கல் பார்க்கக் கடைக்குப் போகுமுன், கழுவுதொட்டிக்குக் கீழுள்ள பெட்டியைக் காலி செய்து, பக்கப் பலகையின் அடி விளிம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் உள்ளே இறங்கினாலோ பலகை உப்பியிருந்தாலோ அதை முதலில் மாற்றியாக வேண்டும். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள கிரானைட், 60 சென்டிமீட்டர் அகல மேடையில், மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 32 கிலோ எடை இருக்கும். கிரைண்டரின் பாரம் தனி. நாங்கள் இதைப் பார்க்காமல் கல்லை ஏற்றிவிட்டு, ஓராண்டுக்குள் கேபினட் கதவுகள் உரசத் தொடங்கியதும், பலகையை மாற்றுவதற்காகப் புதுக்கல்லையே தூக்க வேண்டியதாயிற்று.

நம் சமையலுக்குக் கிரானைட்டே ஏற்றது என்பது என் கருத்து. குவார்ட்ஸ் கல்லில் பிசின் கலந்திருப்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை அப்படியே வைத்தால் நிறம் மாறலாம். வெளிர் நிறமென்றால் மஞ்சள் கறையும் கண்ணுக்குத் தெரியும். பளிங்கைப் புளிக்கரைசல் அரித்துவிடும்.

பழைய கல்லை எடுக்குமுன் தண்ணீரை அடைத்துவிடுங்கள். அடுப்பு குழாய்வழி எரிவாயுவில் இயங்கினால், இணைப்பைக் கழற்றும் வேலையை உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரிடமே விட வேண்டும். சுவரோர இடைவெளியை அடைத்திருக்கும் சிலிக்கோன் பசையைக் கத்தியால் அறுத்து, கேபினட்டுக்குள்ளிருந்து திருகாணிகளைக் கழற்றிய பிறகே கல்லை அசைக்க வேண்டும். கடப்பாரையால் நெம்பினால் சுவர் ஓடும் சேர்ந்து பெயர்ந்து வரும். வீவக வீடுகளில் ஓடு வெட்டுதல் போன்ற இரைச்சலான வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம்.

கேபினட்டை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்திய பின்னரே கல்லுக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள். சுவர் மூலை பெரும்பாலும் சரியான செங்கோணமாக இருப்பதில்லை என்பதால், மூலையிலிருந்து ஒரு சுவரில் 60, மறு சுவரில் 80 சென்டிமீட்டர் குறித்து, குறிகளுக்கிடையே 100 வருகிறதா என்று பார்ப்பது நல்லது. அடுப்புக்கும் தொட்டிக்கும் வெட்டும் துளைகளின் உள்மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். கூர்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். கல் மின்தூக்கியில் நுழையுமா என்பதையும் அப்போதே அளந்துகொண்டால், கல்லைத் துண்டாக்கினால் துண்டுகளின் இணைப்பு எங்கே வர வேண்டும் என்று முடிவாகிவிடும். அது தொட்டித் துளையின் மேல் மட்டும் வரக்கூடாது.

கல்லுக்கும் சுவருக்கும் இடையே 3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, நியூட்ரல் வகைச் சிலிக்கோனால் அடையுங்கள். காடி வாசனை அடிக்கும் வகை இயற்கைக் கல்லின் ஓரத்தைக் கறையாக்கிவிடும். 24 மணி நேரம் ஈரம் படாமல் காயவிட்டுத் தண்ணீரைத் திறந்ததும், தொட்டிக்கு அடியில் பழைய தமிழ் முரசுத் தாளை விரித்து வைத்து, மறுநாள் காலையில் அதில் ஈரப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்டும் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கலாம்.