"சும்மா வெருட்டுறாள்" என்று விட்டுவிடாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட். பிள்ளை "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே" என்று சொன்னவுடன் நம் வாயில் முதலில் வருவது "மெதுவாக் கதை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்பதுதான், அடுத்தது "சும்மா வெருட்டுறாள்". தயவுசெய்து இந்த இரண்டையும் சொல்லாதீர்கள்.

சாவைப் பற்றிய பேச்சும், தன்னைத்தானே காயப்படுத்துவதும், வேறு எப்படியும் சொல்ல முடியாமல் போன ஒன்றைச் சொல்கின்றன. தற்கொலை எண்ணத்தின் அடியில் இருப்பது தாங்க முடியாத மனவலி என்றார் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். பலருக்கு வேண்டியது அந்த வலி நிற்பதுதான், அதனால் வாழும் ஆசையும் சாகும் நினைப்பும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கும். காலையில் டியூஷனுக்குப் போனாள், சிரித்தாள், ஆகவே இரவு சொன்னது பொய் என்று கணக்குப் போடாதீர்கள். கவனிக்கச் சொல்லித்தான் செய்கிறாள் என்றே இருக்கட்டும், சரி, கவனியுங்கள்.

எப்போதும் வாயால் சொல்வார்கள் என்றில்லை. ஆசையாக வைத்திருந்ததைத் தங்கச்சிக்குக் கொடுப்பது, "அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்பது, நெடுநாள் கலங்கியிருந்தவர் திடீரென்று அமைதியாவது, இவையும் பேச்சுத்தான்.

டீவியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்து நேராகவே கேளுங்கள்: "சாகவேணும் எண்டு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பலருக்குப் பாரம்தான் குறையும். அப்புறம் "எதைத் தாங்க ஏலாமல் இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "யுத்த காலத்தில நாங்கள் படாததா?" என்று மட்டும் தொடங்காதீர்கள், அது நம் வீடுகளில் பெரியவர்கள் பாசத்தோடுதான் சொல்வது, ஆனால் கேட்கிற பிள்ளைக்கு உன் வலி வலியே இல்லை என்றுதான் விழும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் பண்ணாதீர்கள்.

எப்படி, எப்போது என்றுவரை யோசித்து வைத்திருந்தால் தனியே விடவேண்டாம், ஆபத்தானவற்றை வீட்டிலிருந்தே அகற்றுங்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926க்கு எந்நேரமும் எடுக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். பொலிஸ் கேஸாகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள், தற்கொலை முயற்சி 1998இலிருந்து இலங்கையில் குற்றமில்லை.

மறுநாள் காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது "இரவு நித்திரை வந்ததா?" என்று கேளுங்கள். அடுத்த கிழமையும் கேளுங்கள்.