கேசட்டா, டிவிடியா, இணையமா? வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பல வீட்டு அலமாரிகளில் மூன்று காலத்துப் படங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலம் ஓய்ந்ததும் வந்த வீடியோ கேசட்டுகள், பிறகு இரவுச் சந்தையில் வாங்கிய விசிடிகள், தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த பின் சேர்ந்த டிவிடிகள். இன்று பிள்ளைகள் இணையம் வழியாகவே பார்க்கிறார்கள். அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இவற்றைக் குப்பைக்கு அனுப்பும் பேச்சு எழுகிறது.

அனுப்புவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, ஒரே படத்தை இரண்டு வடிவங்களில் போட்டுப் பாருங்கள். புதிய வடிவம் என்றாலே நல்ல படம் என்று நினைப்பது தவறு. ஒரு பிரதி எந்த மூலத்திலிருந்து, எவ்வளவு அக்கறையோடு எடுக்கப்பட்டது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்த பழைய படத்தைப் புதிதாக ஸ்கேன் செய்தால் அது புளூரேயிலும் ஜொலிக்கும். அதே படத்தை நைந்துபோன கேசட்டிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றினால், எத்தனை பெரிய திரையில் பார்த்தாலும் கேசட்டின் தரம்தான் தெரியும்.

படி 1: கையில் இருப்பது என்ன?

விஎச்எஸ் கேசட்டை ஜேவிசி நிறுவனம் 1976இல் ஜப்பானில் வெளியிட்டது. இ-180 என்று அச்சிட்ட கேசட்டில் மூன்று மணி நேரம் பதியலாம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் அதில் தாராளமாக அடங்கும். விசிடி 1993இல் வந்தது. ஒரு தட்டில் 74 நிமிடம் மட்டுமே கொள்ளும் என்பதால்தான் ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று தட்டுகள். டிவிடி 1996இலும் புளூரே 2006இலும் விற்பனைக்கு வந்தன. 4கே புளூரே தட்டுகள் 2016இல் கடைக்கு வந்தன.

பிக்சல் கணக்கை ஒரு முறை பார்த்துவிடுவோம். பிக்சல் என்பது படத்தை உருவாக்கும் சிறு புள்ளி. நம் நாட்டின் பிஏஎல் எனும் தொலைக்காட்சி முறையில் விசிடி 352க்கு 288, டிவிடி 720க்கு 576. புளூரே 1920க்கு 1080, 4கே 3840க்கு 2160. விசிடியைவிட டிவிடியில் நான்கு மடங்கு, டிவிடியைவிட புளூரேயில் ஐந்து மடங்கு, புளூரேயைவிட 4கேயில் நான்கு மடங்கு பிக்சல்கள் உள்ளன.

படி 2: கேசட்டைப் பார்க்காமல் உள்ளே போடாதீர்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. நம் ஊர் வெக்கையும் ஈரமும் நாடாவுக்குப் பகை. கேசட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மேலே உள்ள கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். சுருளின் விளிம்பு கறுப்பாகவும் மழமழப்பாகவும் இருக்க வேண்டும். அங்கே வெள்ளைத் தூளோ நூல் நூலாகப் படர்ந்த கோடுகளோ இருந்தால் அது பூஞ்சணம். பிறகு பக்கவாட்டில் இருக்கும் சிறிய பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்குங்கள். வெளியே தெரியும் நாடா கசங்கியிருக்கிறதா, ஓரம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பூஞ்சணம் பிடித்த கேசட்டை எக்காரணம் கொண்டும் பிளேயரில் போட வேண்டாம். படம் தெரியாமல் போவதோடு அது முடிவதில்லை. பிளேயரில் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். அதைத் தனிப் பையில் கட்டி மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். அதில் உள்ளது உங்களுக்கு அருமையான பதிவு என்றால், சுத்தம் செய்யும் வேலையைப் பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள்.

பிளேயரும் பழையதுதான். கடைசியாகத் தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே இனிக் கிடைப்பதெல்லாம் பயன்படுத்திய பிளேயர்களே. உள்ளிருக்கும் ரப்பர் பட்டைகள் தளர்ந்திருந்தால் நாடாவை இழுத்துச் சிக்கவைத்துவிடும். முதலில் போடும் கேசட் கிழிந்தாலும் கவலைப்படத் தேவையில்லாததாக இருக்கட்டும்.

தட்டுகளுக்கு இத்தனை பாடு இல்லை. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். விசிடியில் தகவல் அடுக்கு படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஆழமாகக் கீறினால் தட்டு போனதுதான். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

படி 3: இணைப்பு

பழைய பிளேயர்களில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று கம்பிகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. புதிய தொலைக்காட்சியின் பின்னால் மஞ்சள் துளையைக் காணவில்லை என்று பதற வேண்டாம். பலவற்றில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொது. சிலவற்றில் இயர்போன் துளை போன்ற ஒரே ஒரு துளை இருக்கும். அதற்கான இணைப்புக் கம்பி மின்சாதனக் கடையில் கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் எச்டிஎம்ஐ எனும் புதிய வகை இணைப்புக்கு மாற்றித் தரும் சிறிய பெட்டி வாங்க வேண்டும். டிவிடி பிளேயரில் எச்டிஎம்ஐ வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மஞ்சள் கம்பியில் பார்த்துவிட்டு டிவிடியின் தரம் இவ்வளவுதான் என்று முடிவுகட்டுவது நியாயமல்ல.

தட்டு ஓடாவிட்டால், அது எந்தப் பகுதி நாடுகளுக்கானது என்று காட்டும் மண்டல எண்ணைப் பாருங்கள். டிவிடியில் மலேசியா 3ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். புளூரேயில் நாம் ஏ, இந்தியா சி. 4கே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை.

படி 4: தொலைக்காட்சியைச் சரிசெய்யுங்கள்

கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த அமைப்பிலேயே பல வீட்டுத் தொலைக்காட்சிகள் ஓடுகின்றன. படப் பயன்முறையை ‘சினிமா’ அல்லது ‘மூவி’க்கு மாற்றுங்கள். கூர்மையைக் குறையுங்கள், அதைக் கூட்டினால் கேசட்டின் இரைச்சல்தான் கூடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பழைய கேசட் 4:3 விகிதத்தில் இருந்தால் அப்படியே பார்க்க வேண்டும். திரையை நிரப்ப இழுத்துவிட்டால் எல்லாரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள்.

படி 5: ஒரே காட்சி, இரண்டு வடிவங்கள்

படம் முழுவதையும் பார்க்கத் தேவையில்லை. மூன்று காட்சிகள் போதும். முதலாவது, சிவப்புப் புடவை அல்லது குங்குமம் தெரியும் நெருக்கமான காட்சி. விஎச்எஸ் நாடாவில் வெளிச்சத்தைவிட நிறம் மிகவும் குறைந்த நுணுக்கத்தோடுதான் பதிவாகிறது. அதனால் புடவையின் சிவப்பு அதன் கரையைத் தாண்டி, பக்கத்தில் இருக்கும் கைமீதும் சுவர்மீதும் கசிந்திருப்பதைக் காண்பீர்கள். டிவிடியில் அந்தக் கரை கரையாகவே நிற்கும்.

இரண்டாவது, கூட்டமாக ஆடும் பாடல் காட்சி. விசிடியில் படத்துக்கு ஒரு வினாடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் மட்டுமே இடமிருக்கிறது. டிவிடியில் அது 9.8 மெகாபிட் வரை போகலாம். கூட்டம் சட்டென்று திரும்பும் இடத்தில் விசிடி படம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைவதைக் கவனியுங்கள். இந்த ஓர் இடத்தில் கேசட் விசிடியை வென்றுவிடும். நாடாவில் படம் மங்கும், ஆனால் கட்டம் கட்டமாக உடையாது.

மூன்றாவது, இரவுக் காட்சி. இருட்டுக்குள் நிற்பவரின் தலைமுடி தனியாகத் தெரிகிறதா, கறுப்புத் திட்டாகிவிட்டதா? புளூரேயும் நல்ல இணையப் பிரதியும் இங்கேதான் தங்கள் பலத்தைக் காட்டும்.

நம் கண் முன்முடிவோடு பார்க்கும். எனவே உங்களுக்குத் தெரியாமல் வடிவத்தை மாற்றி மாற்றிப் போடும்படி வீட்டில் ஒருவரிடம் ரிமோட்டைக் கொடுங்கள். பிறகு அம்மாவையும் உட்காரவைத்து, “எதும்மா நன்றாக இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள்.

படி 6: உட்காரும் தூரத்தை அளந்து பாருங்கள்

கடைக்காரர்கள் அதிகம் பேசாத விஷயம் இது. டிவிடித் தரத்துக்குத் திரை உயரத்தைப் போல் சுமார் 6 மடங்கு தூரமும், புளூரேயின் 1080 தரத்துக்கு 3 மடங்கும், 4கேக்கு ஒன்றரை மடங்கும் பொருத்தமானவை. 43 அங்குலத் தொலைக்காட்சியின் உயரம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். 4கேயின் முழு நுணுக்கத்தையும் காண வேண்டுமென்றால் 80 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார வேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் சோபா 3 மீட்டர் தள்ளி இருந்தால், 1080க்கும் 4கேக்கும் பிக்சல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்திலிருந்து நல்ல டிவிடியே மனநிறைவாக இருக்கும். பெரிய தொலைக்காட்சி வாங்கி அருகில் உட்காரும் எண்ணம் இல்லாதவர்கள் 4கே தட்டுகளுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பேன்.

படி 7: இணையப் பிரதியைச் சோதித்தல்

நெட்ஃபிளிக்ஸ் 1080 தரத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் இணைய வேகத்தைப் பரிந்துரைக்கிறது. 4கே புளூரே தட்டு நூறு மெகாபிட்டுக்கு மேலும் தரக்கூடியது. ஃபைபர் இணைப்பு வராத பகுதியில் கைப்பேசித் தரவை வைத்துப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளுங்கள்: உயர்தரப் படம் மணிக்கு 3 ஜிபி வரையும், 4கே 7 ஜிபி வரையும் தரவை எடுத்துக்கொள்ளும்.

தரம் ஒருபுறமிருக்க, இணையத்தில் கிடைக்கும் சில பழைய தமிழ்ப் படங்களில் அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். நெற்றி இல்லாத முகங்களும் பாதம் தெரியாத பரதமும் எனக்கு ஏற்புடையவை அல்ல. உங்கள் கேசட்டோடு ஒரே காட்சியை வைத்துப் பாருங்கள். படத்தின் மொத்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். 15 நிமிடம் குறைந்திருந்தால் பாடலோ நகைச்சுவைப் பகுதியோ காணாமல் போயிருக்கக்கூடும். டிவிடியிலோ கேசட்டிலோ அந்தப் பகுதி இருந்தால், அதை வைத்திருக்க அந்த ஒரு காரணமே போதும்.

படி 8: பிரித்து வையுங்கள்

டிவிடியிலோ இணையத்திலோ முழுமையாகவும் நன்றாகவும் கிடைக்கும் படத்தின் கேசட்டை விட்டுவிடலாம். விசிடி மட்டும் உள்ள படங்களைக் கணினியில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வேறெங்கும் கிடைக்காத கேசட்டுகளுக்கே முதலிடம். யுஎஸ்பி பதிவுக் கருவியைப் பிளேயரோடு இணைத்து, ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளில் 720க்கு 576 அளவில் பதியுங்கள். படம் ஓடும் நேரமே பதிவதற்கும் ஆகும்.

பதிந்து முடித்ததும் நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றி, புத்தகம் போல் நிற்கவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். கேசட்டின் முதுகுப்புறத்தில் உள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்படாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள்; பிறகு யாரும் தவறுதலாக அதன்மேல் வேறொன்றைப் பதிந்துவிட முடியாது.