ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு, படம் எங்கே?

பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்திவிட்டு, படம் எந்த ஃபோல்டரில் விழுந்தது என்று ஒருமுறையாவது தேடாதவர்கள் குறைவு. விண்டோஸில் அந்த விசை நெடுங்காலமாகப் படத்தைக் கோப்பாகச் சேமிக்காமல், காப்பி செய்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டில் மட்டும் வைத்தது. புதிய விண்டோஸ் 11இல் அது, அமைப்பை மாற்றாவிட்டால், திரையை வெட்டியெடுக்கும் ஸ்னிப்பிங் டூல் செயலியைத் திறக்கும். கிளிப்போர்டில் மட்டும் இருக்கும் படம் என்றால், அடுத்து ஒரு வரியைக் காப்பி செய்தால் போதும், படம் போச்சு. எடுத்த கையோடு கன்ட்ரோல் + வி அழுத்தி எங்காவது ஒட்டிவிடுங்கள். கோப்பாகவே வேண்டுமா? விண்டோஸ் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். பிக்சர்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மேக்கில் கதை தலைகீழ். கமாண்ட் + ஷிஃப்ட் + 3 அழுத்தினால் படம் நேராக டெஸ்க்டாப்புக்கு வரும். கன்ட்ரோல் விசையும் சேர்ந்தால்தான் கிளிப்போர்டு. விரல் தெரியாமல் அதில் பட்டுவிட்டால் டெஸ்க்டாப்பில் எவ்வளவு தேடியும் பயனில்லை.

சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்காது. விசைப்பலகை பழுது என்று அவசரப்பட வேண்டாம்.

இன்னொரு பழக்கம்: ஒரே ஒரு பிழைச்செய்தியைக் காட்ட முழுத்திரையையும் பிடிப்பது. திறந்திருக்கும் டேப்கள், மூலையில் எட்டிப் பார்க்கும் மெசேஜ், மின்னஞ்சல் முகவரி எல்லாமே கூடவே போகும். விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ், மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + 4, இரண்டும் தேவையான பகுதியை மட்டும் வெட்டித் தரும். விண்டோஸில் ஒரு விண்டோ மட்டும் போதும் என்றால் ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீன். நான் பெரும்பாலும் இந்தப் பகுதி வெட்டும் முறையைத்தான் பயன்படுத்துகிறேன், மற்றவை அபூர்வம்.

அப்புறம், மறைக்கும் விஷயம். கடவுச்சொல்லின் மேல் கறுப்பு ஹைலைட்டரைத் தேய்த்தால் மறைந்த மாதிரி தெரியும். ஆனால் அது பாதி ஒளி ஊடுருவும் மை; பிரைட்னஸைக் கூட்டினால் எழுத்து வெளியே வந்துவிடலாம். முழுக் கறுப்புக் கட்டமே போடுங்கள். வெட்டிய பகுதியும் ஒழிந்தது என்று நம்பிவிட முடியாது. 2023இல் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது: படத்தை வெட்டி அதே கோப்பின் மேல் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் அப்படிச் சேமித்த படங்களை அந்த அப்டேட் தொடவில்லை.