பிக்கப்பில் பெரிய நாயோடு போகிறவர்களுக்கு

பெரிய நாயைப் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்றிப் போகிறவர்களுக்கு, சாமான் நனையாமல் இருக்கப் போடும் தட்டை மூடி ஆகவே ஆகாது. உள்ளே காற்று இருக்காது, நாயால் எழுந்து நிற்கவும் முடியாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கத்திரி வெயிலில் புதுச்சேரி ராஜீவ் காந்தி சதுக்க நெரிசலில் சிக்கினால் அந்த மூடிக்குள் அடுப்புதான்.

டிரைவர் கேபின் உயரத்துக்கு எழும்பும் கேனபிதான், அதாவது பக்கச் சுவரும் கூரையும் உள்ள கூண்டு மூடிதான் வேண்டும். ராஜபாளையம் நாய்க்குத் தோள் உயரமே சுமார் 70 செ.மீ. வரும், தலை அதற்கும் மேலே. அதனால் கடைக்கு நாயையும் கூட்டிப்போய், ஏற்றி நிற்க வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஜன்னல் திறக்க வேண்டும், உள்பக்கம் கம்பி வலை இருக்க வேண்டும். பின்கதவை மட்டும் திறந்துவிட்டு ஓட்டாதீர்கள், சைலன்சர் புகை உள்ளே சுழன்று வரும். இது ரொம்ப முக்கியம்.

நிறம் வெள்ளையாக இருக்கட்டும். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஃபைபர் கேனபி, துருப்பிடிக்காத போல்ட் நல்லது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, ஓரத்து ரப்பரில் கசிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், தரைக்குக் கெட்டியான ரப்பர் பாய். நாயைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில், பின்கதவைத் தாண்ட முடியாத நீளத்தில் கட்டுங்கள்.