புதிய எச்.ஐ.வி. தொற்றுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி, புத்தூர் பக்கம் எச்.ஐ.வி. கணக்குப் பார்க்கப் புதிதாக வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். கூட்டல் பிழை, வயதுக் கட்டத்தை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை போகப் போகத் தானே சரியாகிவிடும்.

இந்த ஆண்டு தெரியவந்ததை இந்த ஆண்டு தொற்றியதாக எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். பதிவேட்டில் புதிதாக பாசிட்டிவ் வந்தவர்களை எண்ணி, மேலே 'புதிய தொற்று' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். விசைத்தறித் தொழிலாளி ஒருவர் விடாத இருமலோடு, உடம்பு இளைத்து வந்தார். காசநோய். அதனால் எச்.ஐ.வி.யும் பார்த்தார்கள், பாசிட்டிவ். நோய் எதிர்ப்புத் திறனைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200-க்கும் கீழே. மருந்தில்லாமல் அந்த அளவுக்கு இறங்கப் பொதுவாகப் பல வருடம் பிடிக்கும். ஆனால் கிராஃபில் அவர் இந்த வருடக் கணக்கு!

இப்படி எழுதினால், முகாம் போட்டு நிறையப் பேரைப் பார்த்த வருடம் கோடு ஏறும். 2020 ஊரடங்கில் பரிசோதனை குறைந்தது, கோடும் இறங்கியது. எங்கள் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம் நன்றாக நடந்து எண்ணிக்கை கூடியபோது, ஆய்வுக் கூட்டத்தில் அந்த ஊர் ஊழியர்களை எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள். அடுத்த வருடம் அங்கே முகாமே இல்லை. மருந்து எடுத்திருக்க வேண்டிய எத்தனை பேர் தெரியாமலே வீட்டில் இருந்தார்களோ.

'புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள்' என்றே எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம், முதல் சிடி4 எவ்வளவு என்று இரண்டு கட்டம் சேருங்கள். நாடு முழுவதற்குமான புதிய தொற்றை யாரும் ஆள் ஆளாக எண்ணுவதில்லை. கண்காணிப்பு மைய முடிவுகள், ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை எடுப்பவர்கள் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஸ்பெக்ட்ரம் என்ற கணினி மாதிரியில் போட்டுத்தான் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நேக்கோ மதிப்பிடுகிறது. கூடவே வரும் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் வெட்டிவிடாதீர்கள்.

பழைய அறிக்கையோடு புது அறிக்கையை ஒட்டுவது

ஒவ்வொரு மதிப்பீட்டுச் சுற்றிலும் முந்தைய ஆண்டுகளின் எண்களும் மாறும். இந்தியாவில் 57 லட்சம் பேருக்குத் தொற்று என்று 2006-இல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸ் சொன்னது, 2007-இல் அது சுமார் 25 லட்சம் ஆனது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் கூடுதல் கண்காணிப்பு மையங்களும் வந்ததால் கணக்குத்தான் மாறியது. கோடு போடுவதென்றால் ஒரே அறிக்கையிலிருந்து எல்லா ஆண்டுகளையும் எடுங்கள்.

தொற்றோடு வாழ்பவர்கள் கூடினால் பதறுவது

2004 முதல் ஏ.ஆர்.டி. இலவசம். சாவு குறைந்தால் அந்த எண் கூடத்தான் செய்யும்.

எல்லை தாண்டிப் போவோரை மறப்பது

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று நகரிக்காரர் திருத்தணிக்கோ வேலூருக்கோ போய்ப் பரிசோதிப்பார். பிறகு இங்கே மருந்துக்குச் சேர்வார். இரண்டு மாநிலத்திலும் அவர் புதியவர். "முன்னாடி எங்கயாச்சும் டெஸ்ட் எடுத்தீங்களாண்ணா?" என்று கவுன்சிலர் தனியாக வைத்துப் பதமாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவது

கூடவே கூடாது. 2017 எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது.